பிறேமினியின் பித்தப்பை

என்னுடைய பித்தப்பையை எடுத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது என்பது மனோர் பார்க்கிலிருந்து பார்க்கிங் என்ற ஊர் வரை எங்களோடு பழகும் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அது பத்திரமாக உள்ளேதான் இருக்கிறது என்பது எனக்கும் என் கணவர் துஷாந்தனுக்கும் மட்டும்தான் தெரியும்.

முப்பத்துமூன்று வயதில் நான் செய்துகொண்டது வேறு சத்திரசிகிச்சை. இரண்டு பிள்ளைகளும் பால் குடித்து முடித்த பிறகு என் மார்பில் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. யாரும் குறை சொல்லவில்லை. துஷாந்தன் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை, அதுவே எனக்குப் பெரிய எரிச்சல். குறை கண்டது நான்தான், சேலைச் சட்டை போடும் ஒவ்வொரு தடவையும். கடைசியில் ஒருநாள் போய் இரண்டு பக்கமும் சிலிக்கோன் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டு வந்தேன். கட்டுப் பிரித்த பிறகு முதல்முதலாகப் பச்சைக் காஞ்சிபுரம் உடுத்திய அன்று, படுக்கையறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தனியாகக் கை தட்டினேன். அதை இப்போது மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆசைப்பட்டேன், செய்தேன், சந்தோசமாக இருந்தேன்.

கரைச்சல் அதற்குச் சொன்ன பொய்யில்தான் வந்தது. கையைத் தூக்க ஏலாமல் பத்து நாள் படுத்துக் கிடப்பவளைப் பற்றி ஊருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. துஷாந்தனின் பெரியம்மாவுக்கு அந்த வருடம்தான் கனடாவில் பித்தப்பை எடுத்திருந்தார்கள். அதையே சொல்லிவிடுவோம் என்றார் துஷாந்தன். சொன்னோம். அன்று மாலையே சிவனேஸ்வரி அக்கா ஒரு சட்டி ரசத்தோடு வாசலில் வந்து நின்றார்.

சிவனேஸ் அக்காவுக்கு மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. எங்கள் கூட்டத்தில் பிறந்தநாளோ குடிபூரலோ எது நடந்தாலும் மட்டன் றோல்ஸ் அவர் கையால்தான். பித்தப்பை இல்லாதவள் பொரித்தது தின்னக் கூடாது என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லோருக்கும் றோல்ஸ் வரும். எனக்கு மட்டும், மூடியில் என் பெயர் எழுதிய சின்னப் பெட்டியில் அவித்த கடலை வரும். பித்தப்பை எடுத்தவர்கள் கொஞ்ச நாளில் எதையும் சாப்பிடலாமாம். அதைப் பிறகுதான் வாசித்தேன். ஆனால் அதை அக்காவிடம் சொன்னால் பேச்சு நீளும், நீண்டால் நான் உளறுவேன். அதனால் வாயை மூடிக்கொண்டு பதினெட்டு வருடம் கடலை தின்றேன்.

இந்த மார்ச் மாதம் கடிதம் வந்தது. ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கிற மமோகிராம் கடிதம். எங்கள் எல்லோருக்கும் ஒரே ஜிபி, அதாவது ஒரே குடும்ப டொக்டர். அந்த ஜிபியின் பட்டியலில் உள்ளவர்களை ஒரே காலத்தில் கூப்பிடுவார்கள் என்பதால் எல்லோர் வீட்டிலும் ஒரே கிழமையில் கடிதம் விழுந்தது. சிவனேஸ் அக்கா சும்மா இருப்பாரா? போன் எடுத்து, ஆறு பேருக்கும் ஒரே நாளில் அடுத்தடுத்த நேரம் வாங்கிவிட்டார். கதிர்காமத்துக்கு பஸ் பிடிக்கிற மாதிரி ஒரு ஆரவாரம். யார் காரில் யார், யார் பிளாஸ்கில் தேத்தண்ணி, திரும்பி வரும்போது எந்தச் சேலைக்கடைக்குள் ஏறுவது என்பது வரை அன்றே முடிவானது.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. படிவம் என்றால் நான்தான். கவுன்சில் அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்பதால் எங்கள் கூட்டத்தின் வீசாப் படிவம், பெனிபிட் படிவம், பள்ளிக்கூடப் படிவம் எல்லாம் என் பேனாவால்தான் நிரம்பும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அக்காவின் குசினி மேசையைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்தோம். நான் கேள்வியை வாசித்துத் தமிழில் சொல்வேன். ஒவ்வொருவரும் பதில் சொல்ல, நான் வரிசையாகப் புள்ளடி போடுவேன்.

நாலாவது கேள்வி இம்பிளாண்ட் பற்றியது. அது என்னவென்று கேட்டார்கள். நெஞ்சுக்குள் சிலிக்கோன் வைத்துப் பெரிதாக்குவது என்று குரல் நடுங்காமல் விளக்கினேன். குசினியே சிரிப்பில் அதிர்ந்தது. உள்ளதைத் தூக்கவே இடுப்பு நாரி முறிகிறது, இதில் வேறு வைப்பதா என்றார் சிவனேஸ் அக்கா. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. சிரித்துக்கொண்டே ஆறு படிவத்திலும் ‘இல்லை’ போட்டேன். ஆறாவது என்னுடையது.

அடுத்தது கட்டி, வலி, தோலில் மாற்றம் ஏதாவது உண்டா என்ற கேள்வி. எல்லோரும் இல்லை இல்லை என்றார்கள். பார்க்கிங்கில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் வசந்தமலர் அக்கா அப்போது எழுந்து தேத்தண்ணிக்குக் கேத்தல் போடப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டே தனக்கும் இல்லை என்றார். நான் அதற்குள் புள்ளடி போட்டு முடித்திருந்தேன்.

அன்று முதல் எனக்கு நித்திரை இல்லை. கடிதத்தோடு வந்த சிறு புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. இம்பிளாண்ட் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேறு மாதிரிப் படம் எடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதன் பின்னால் இருப்பது படத்தில் தெரியாமல் போகலாம். என் இடது பக்கமோ ஒரு வருடமாகக் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. குப்புறப் படுத்தால் குத்தியது. அது சிலிக்கோனின் இறுக்கமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. இரண்டு தடவை கடிதத்தில் இருந்த போன் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கும்போதே வைத்துவிட்டேன். போய்ச் சொல்லடி என்றார் துஷாந்தன். சொன்னால் சிவனேஸ் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவரிடம் சண்டை பிடித்தேன், பாவம்.

இரண்டு கிழமை கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இல்ஃபோர்டில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கார் பார்க்கில் எல்லோரும் கூடினோம். படம் எடுப்பது அங்கே நிறுத்தியிருந்த ஒரு நீளமான வான் வண்டிக்குள். ஐந்து படி ஏறினால் நாலு கதிரை போட்ட சின்ன அறை, அதற்குப் பின்னால் இழுத்து மூடுகிற கதவு, கதவுக்குப் பின்னால் இயந்திரம். அந்தக் கதவு முழுதாக மூடாது என்பதை நான் ஏறியவுடனேயே கண்டுபிடித்துவிட்டேன்.

முதலில் சிவனேஸ் அக்கா போனார். தேர்தலில் வென்றவரைப் போல வெளியே வந்து, றொட்டி தட்டுகிற மாதிரித்தான், ஒரு நிமிசம்தான் என்று அறிவித்தார். அடுத்தது மலர் அக்கா. அவர் வந்து, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். மூன்றாவது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

படம் எடுக்கும் பெண்ணுக்கு என் மகளின் வயது இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். என்னைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, இம்பிளாண்ட் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள், சரிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் சட்டென்று பேச்சு நின்றது. சிவனேஸ் அக்காவுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் இந்தச் சொல் தெரியும். அதை இரண்டு கிழமைக்கு முன் குசினி மேசையில் வைத்துக் கற்றுக்கொடுத்தவளே நான்.

சரி என்று சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? ஆனால் இடது பக்கத்துக் கல் அங்கேயே இருக்கும், நானும் வீட்டுக்குப் போய் அடுத்த கடிதம் வரும் வரை இன்னும் மூன்று வருடம் அதைத் தடவித் தடவிப் பயந்துகொண்டிருப்பேன். எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். என்னுடைய உடம்பு, நான் ஆசையாகச் செய்தது, அதைக் கடலைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

இருக்கிறது என்றேன், ஆங்கிலத்தில், தேவைக்கும் அதிகமான சத்தத்தில். இரண்டு பக்கமும். பதினெட்டு வருடமாக. நானே விரும்பி வைத்தது. இடது பக்கம் இறுகிவிட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் கேட்காததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிக்கொண்டே போனது. சிரிப்பு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள். சொன்னது மிகவும் நல்லது என்று சொல்லி, இம்பிளாண்டைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு பக்கமும் நாலு படம் பொறுமையாக எடுத்தாள். இறுக்கம் பழைய இம்பிளாண்டுகளில் அடிக்கடி வருவதுதான், ஆனாலும் ஜிபியிடம் காட்டச் சொன்னாள். முடிந்தபோது எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

வெளியே வந்தால் கதிரைகள் வெறுமை. அடுத்ததாகப் போக வேண்டியவள் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். மற்ற நாலு பேரும் சிவனேஸ் அக்காவின் காரடியில் நின்றார்கள். டிக்கி திறந்திருந்தது. உள்ளே மட்டன் றோல்ஸ் தட்டு, பக்கத்தில் என் பெயர் எழுதிய பெட்டி. காற்று வேறு அடித்தது. நான் நடந்து போவதை நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய கண்ணும் என் முகத்தில் தொடங்கிக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.

“அப்ப பித்தப்பை?” என்றார் சிவனேஸ் அக்கா.

“இருக்கு அக்கா.”

“எடுக்கேல்லையோ?”

“எடுக்கேல்லை.”

அவர் டிக்கிக்குள் குனிந்து என் பெட்டியைத் தூக்கினார். நான் எதிர்பார்த்தது சிலிக்கோனைப் பற்றி, வெட்கத்தைப் பற்றி, குடும்பப் பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு. அதற்குப் பதிலெல்லாம் படிகளில் இறங்கும்போதே தயார் செய்து வைத்திருந்தேன்.

“பதினெட்டு வருசம்,” என்றார். “ஒவ்வொரு விசேசத்துக்கும் முதல் நாள் மறக்காமல் கடலை ஊறப்போட்டனான். என்ரை மகளின்ரை கலியாணத்துக்கும் ஊறப்போட்டனான். நீ நெஞ்சில என்னத்தை வைச்சாலும் எனக்கென்ன. என்னட்டைச் சொல்லியிருக்கலாம் எல்லோ பிள்ளை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டு, பெட்டியை டிக்கியின் மூலைக்குள் எறிந்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு றோல்ஸை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார். கடித்தேன். மேல் மொறுமொறுப்பும், உள்ளே மிளகும் இறைச்சியும் கிழங்கும். பதினெட்டு வருடம் தள்ளி வைத்த றோல்ஸ். அழுதுகொண்டே இரண்டாவதையும் நானே எடுத்தேன்.

அதன் பிறகு கேள்விகள் மழையாகக் கொட்டின. நொந்ததோ, எத்தனை தையல், பிளேனில் ஏறினால் வெடிக்குமோ, துஷாந்தன் என்ன சொன்னார். கார் பார்க்கில் வண்டில் தள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். எனக்கு இருபது வயதில் சைக்கிளில் இறக்கத்தில் போன சந்தோசம். பொய் சொல்லாமல் நிற்பது இத்தனை சுகம் என்று தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

மலர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த றோல்ஸைக் கடிக்கவும் இல்லை. என் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்டைக்கு நீ கட்டி ஏதும் இருக்கோ எண்டு கேட்டாய்,” என்றார். “நான் இல்லையெண்டனான்.”

“ஓம் அக்கா.”

“இருக்கு பிறேமினி. நாலு மாசமா.”

மலர் அக்காவின் மகள் ஷெறோனுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு மார்பில் கட்டி என்று குசினி மேசையில் சொன்னால் பொழுது சாய முன் பார்க்கிங் முழுக்கத் தெரிந்துவிடும், மாப்பிள்ளை வீடு பின்வாங்கிவிடும் என்று பயந்திருக்கிறார். கணவர் சண்முகராசாவுக்கும் சொல்லவில்லை. இப்போது உள்ளே படம் எடுத்தபோதும் அந்தப் பிள்ளை கேட்டாளாம், அப்போதும் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்.

எனக்குச் சுரீர் என்றது. ஆறு பெண்களை மேசையைச் சுற்றி இருத்தி, இந்தக் கேள்வியைச் சந்தையில் விலை கேட்பது போலக் கேட்டவள் நான். எனக்கே வாய் திறக்க முடியாத இடத்தில் அவர் எப்படித் திறப்பார்? மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாங்கோ என்று கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் அந்த ஐந்து படியையும் மறுபடி ஏறினோம். சிவனேஸ் அக்காவுக்கு விசயம் ஏதோ பெரிது என்று விளங்கிவிட்டது போலும், மற்றவர்களைக் காருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார். அந்தப் பிள்ளை கட்டி இருக்கும் இடத்தைப் படத்தில் குறித்து, கட்டாயம் கூப்பிடுவார்கள் என்றாள்.

என் முடிவு இரண்டு கிழமையில் கடிதமாக வந்தது. ஒன்றுமில்லை. இறுக்கம் சிலிக்கோனின் இறுக்கம்தான் என்று பிறகு ஜிபி அனுப்பிய இடத்தில் சொன்னார்கள். மலர் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு ஊசி குத்திப் பார்த்தார்கள். புற்றுநோய். ஒரே மார்பில் இரண்டு இடத்தில் இருந்தது, ஆனால் வேறு எங்கும் பரவவில்லை. ஷெறோன்தான் மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போன் எடுத்து, அம்மாவுக்கு இப்படி, உங்களுக்குச் சரிவராவிட்டால் இப்பவே சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பொடியன் அடுத்த நாளே பழப் பெட்டியோடு வந்து மலர் அக்காவைப் பார்த்துவிட்டுப் போனான்.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பெண். மலர் அக்கா என்னையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பக்க மார்பை முழுதாக எடுக்க வேண்டும், விரும்பினால் அதே சத்திரசிகிச்சையில் இம்பிளாண்ட் வைத்துத் தரலாம், விருப்பமில்லாவிட்டால் தட்டையாகவே தைத்து விடலாம், இரண்டும் சரிதான், உங்களுடைய தீர்மானம் என்றார் டொக்டர். நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். யோசிக்கச் சொல்லிவிட்டு டொக்டர் எழுந்து வெளியே போனார்.

மலர் அக்கா திரையை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உன்ரையை ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டோ?”

சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். துஷாந்தனையும் டொக்டர்மாரையும் படம் எடுத்த பிள்ளையையும் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பச்சைச் சேலை கட்டிக் கண்ணாடிக்கு முன்னால் கை தட்டிய அந்தப் பெண்ணை ஒருவருக்குக் காட்டுவது போல் இருந்தது. மலர் அக்கா பெருவிரலால் வலது பக்கத்தை அமத்திப் பார்த்தார், பிறகு இடது பக்கத்தை. நன்றாக நேரம் எடுத்தார்.

“வடிவாத்தான் கிடக்கு,” என்றார். “குப்புறப் படுக்க ஏலுமோ?”

“வலம் பரவாயில்லை அக்கா. இடம் இறுகினதிலயிருந்து ஏலாது.”

“அப்ப எனக்கு வேண்டாம். நான் குப்புறப் படுக்கிற ஆள்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். நானும் சிரித்தேன், பொத்தான் போடாமல் அப்படியே நின்று. கதவைத் தட்டிக்கொண்டு டொக்டர் வந்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். மலர் அக்கா என் கையை அமத்தி நிறுத்திவிட்டு, நிமிர்ந்து இருந்து, தன்னுடைய ஆங்கிலத்தில் தானே சொன்னார்.